வீட்டுக்குள் இரத்தமில்லை

நிதுர்ஷனின் உடம்பில் பதினொரு வெட்டு. ஆறு முதுகில், மூன்று கழுத்தில், இரண்டு கையில். கையில் விழுந்தவை தடுக்கப்போனபோது விழுந்தவை என்று சட்ட வைத்திய அதிகாரி எழுதியிருந்தார். கழுத்தில் ஒன்று எலும்பு வரை போயிருந்தது. ஆள் கிடந்தது முற்றத்து மணலில், முன்படியிலிருந்து ஏழு அடி தள்ளி. தலை வாவிப் பக்கம்.

வெட்டியவர் மாமனார் கோணாமலை. வெட்டிய பிறகு கத்தியைக் கிணற்றடியில் கழுவினார். தன் கொட்டிலின் ஓலையில் செருகினார். பொலிஸ் வரும்வரை தோணியில் குந்தியிருந்து பீடி குடித்தார்.

சட்டத்தரணி பீற்றிஸ் அறிக்கையை வாசித்து முடித்து மூடினாள். மேசைக்கு அந்தப் பக்கம் கோணாமலையின் மனைவி அன்னப்பூரணி கதிரை நுனியில் இருந்தாள். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஏன் என்னட்ட வந்தீங்க? களுவாஞ்சிகுடியில ஆள் இல்லையா?"

"இருக்காங்க. ரெண்டு பேர்ட்டப் போன நான். ரெண்டு பேரும் பிணையப் பத்தித்தான் கதைச்ச. பிணை வேணா மெடம். வெளிய வந்தா செத்தவன்ட அண்ணன்மார் வெட்டிப்போடுவானுகள். உள்ளயே கிடக்கட்டும். தூக்கு மட்டும் வேணா."

"அதுக்கு நான் எதுக்கு?"

"ஆரையம்பதி வீரக்குட்டிக்குத் தூக்கு எடுத்துக் குடுத்தது நீங்கதானே."

பீற்றிஸ் மூடிய அறிக்கையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அவரும் மருமகனத்தான் வெட்டின. அவரும் வீட்ட மகளுக்குக் குடுத்துப்போட்டு பின் கொட்டில்ல கிடந்தவர்தான். அந்த முடிச்சப் போட்டது நீங்க. அவிழ்க்கவும் உங்களுக்குத்தான் தெரியும் எண்டு என்ட மகள் சொல்றாள்."

"மகள் புத்திசாலி."

"புத்தி இருந்து என்ன? வாயில ஆறு பல்லு இல்ல." அன்னப்பூரணி பையை மேசையில் வைத்தாள். "விடியப் புடிச்சது. தம்பிட தோணி. எங்கட தோணியப் போன கிழம கொளுத்திப்போட்டானுகள்."

*

பீற்றிஸ் சட்டமா அதிபர் திணைக்களத்தில் பதினான்கு வருடம் அரச சட்டத்தரணியாக இருந்தவள். கொழும்பு, அநுராதபுரம், பிறகு மட்டக்களப்பு. கொலை வழக்குகள்தான் அவளுக்கு வந்தன. வெட்டு, குத்து, எரிப்பு, கிணற்றில் தள்ளியது. எதிரிக் கூண்டில் நிற்கிறவனை அவள் நேராகப் பார்த்துத்தான் பேசுவாள். ஐம்பத்தொரு பேருக்குத் தண்டனை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒன்பது தூக்கு. இந்த நாட்டில் தூக்கு என்று எழுதுவார்கள், தூக்குவதில்லை. ஆள் உள்ளே கிடந்து கிழவனாவான். பிறகு வேலையை விட்டு, கல்லடியில் தன் வீட்டு முன் அறையில் பலகை தொங்கவிட்டாள். இப்போது பதினைந்து வருடமாக மறுபக்கம். அதே கூண்டு, அதே கட்டளைச் சட்டம். நிற்கிற இடம்தான் மாறியது.

வீரக்குட்டியின் வழக்கு 2005இல். மருமகன் மகளை அடித்தான், மாமனார் வெட்டினார். எதிர்த்தரப்பு, சடுதியான ஆத்திரம் என்றது. ஆத்திரம் என்று போனால் அது கைமோசக் கொலை, பத்துப் பன்னிரண்டு வருடத்தோடு முடிந்துவிடும். பீற்றிஸுக்கு அது போதவில்லை. இறந்த பையனின் தாய் ஒவ்வொரு தவணைக்கும் வந்து அவளுடைய காலடியில் இருந்தாள்.

நீதிபதி கொழும்பிலிருந்து வந்தவர். அவருக்கு இந்தப் பக்கத்து முறை தெரியாது. இங்கே மகள் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு. தகப்பனும் தாயும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின் வளவுக்குப் போவார்கள். கொட்டில் போட்டு இருப்பார்கள். அடுத்த மகள் இருந்தால் அடுத்த வீடு கட்டுவார்கள். இந்துவும் அப்படித்தான், வேதக்காரரான கிறிஸ்தவரும் அப்படித்தான், சோனக முஸ்லிம்களும் அப்படித்தான். அதற்காக ஒருவரும் ஒருவரையும் வெட்டியதாகப் பீற்றிஸ் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் எழுந்து சொன்னாள். தன் கையால் கட்டிய வீட்டை இழந்தவர். தன் சொந்த வளவிலேயே துரத்தப்பட்டவர். மூன்று வருடம் அந்தக் கொட்டிலில் கிடந்து வன்மம் வளர்த்தவர். இது ஆத்திரமல்ல, காத்திருந்து செய்த கொலை.

சாட்சி ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. நீதிபதி அதைத் தீர்ப்பில் ஒரு பந்தியாக எழுதிக்கொண்டார். மேன்முறையீட்டிலும் அந்தப் பந்தி அப்படியே நின்றது.

அந்தச் சமர்ப்பணத்தை அவள் எழுதியது கல்லடி வீட்டில். அப்பாவும் அம்மாவும் கட்டி, அவளுடைய கலியாணத்துக்கு எழுதிக்கொடுத்த வீடு. எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பின்வளவிலிருந்து பிளேன்ரீ கொண்டுவந்தார். உள்ளே வருமுன் கதவைத் தட்டினார். தான் போட்ட கதவை அவர் எப்போதும் தட்டிவிட்டுத்தான் வருவார்.

"என்ன புள்ள எழுதுற?"

"வழக்கு அப்பா."

"ஆறமுதல் குடி." போய்விட்டார்.

*

பெரியகல்லாற்றுக்கு அவள் ஒரு வைகாசி மாதக் காலையில் போனாள். வாவி அசையாமல் கிடந்தது. கரையில் தோணியின் எலும்பு கறுத்து நின்றது. பக்கத்தில் மூன்று பெண்கள் நிழலில் இருந்து வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கார் நின்றதும் பேச்சை நிறுத்தினார்கள்.

வீடு நல்ல வீடு. சுனாமியில் பழைய வீடு போன பிறகு கோணாமலை ஒன்பது வருடம் எடுத்துக் கட்டியது. கல்லும் அவரே அச்சில் அரிந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஓட்டுக் கூரை. தரைக்குச் சிவப்புச் சீமெந்து. மினுங்கியது.

மகள் கம்சாயினி கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். இருபத்தாறு வயது. தாடை ஒரு பக்கம் கோணிப் பொருந்தியிருந்தது.

"அண்டைக்கு என்ன நடந்த?"

"வழமைதான். குடிச்சுப்போட்டு வந்தவர். சோத்துக்குள்ள முடி எண்டார். தலையப் புடிச்சு அம்மியில இடிச்சவர். பல்லு அப்பதான் போன. நான் அறைக்குள்ள ஓடிக் கதவப் பூட்டின நான்."

"மறுகா?"

"உலக்கையால கதவ இடிச்சார். மூணாவது இடியில கதவு பிளந்த. அப்பதான் அப்பா வந்தவர்."

"அப்பா எங்க இருந்தவர்?"

"கொட்டில்ல. மீன் வெட்டிக்கொண்டு."

"நீங்க அதுக்கு முதல் கத்தினீங்களா?"

"கத்தாம? அம்மியில இடிக்கக்குள்ள கல்லாறு முழுக்கக் கேட்டிருக்கும்."

"அதுக்கு அப்பா வரல்லையா?"

கம்சாயினி யோசித்தாள். "கதவு உடையிற சத்தத்துக்குத்தான் வந்தவர். அது அவர் சீவின கதவு. வேம்பு."

பீற்றிஸ் பேனையை மூடினாள். "நீங்க கத்தின சத்தம் கேட்டு வந்தவர் எண்டு சொல்லுங்க."

"ரெண்டும் ஒண்டுதானே மெடம்?"

"கோட்டில ஒண்டில்ல."

"அப்ப அப்பிடியே சொல்றன்."

"அப்பிடித்தான் நடந்ததும். உங்களுக்குத் தலையில அடி. சரியா ஞாபகம் இல்ல."

"ஓம் மெடம். இப்ப ஞாபகம் வருகுது," என்றாள் கம்சாயினி.

அன்னப்பூரணி புட்டும் மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிடுங்க மெடம். கொடுவா. முள்ளு இல்ல." பீற்றிஸ் கை கழுவ எழுந்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

இரண்டு பேர். இறந்தவனின் அண்ணன்மார். மூத்தவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையில் இரும்புக் குழாய். சத்தம் கேட்டு வேலிக் கடப்படிக்குப் போன அன்னப்பூரணியிடம் ஒன்றும் கேட்கவில்லை, அடித்தான். அவள் கையைத் தூக்கினாள். பச்சைத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் அழவில்லை, குந்திவிட்டாள். அவன் குனிந்து முதுகில் இன்னும் இரண்டு போட்டான். கரையில் நண்டு கழற்றிய பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி, "அடேய், கிழவிய விடுறா நாசமாப்போவானே!" என்று கத்தினாள். கிட்ட வரவில்லை.

பீற்றிஸ் விறாந்தைக்கு வந்தாள்.

"பேர் என்ன?"

"என்ன?"

"உன்ட பேர். எழுதணும். ஆயுதத்தால கடுங்காயம். அடிச்சது நீ, கூட நிண்டது அவன். அவன்ட பேரும் சொல்லு."

இளையவன் சிரித்தான். "அண்ணே, இவதான் அந்த லோயர். முந்தி அரசாங்கத்துக்கு நிண்டு கொலகாரனத் தூக்கில போட்டவ. இப்ப காசுக்குக் கொலகாரனக் கழுவுறா."

"ஓம்," என்றாள் பீற்றிஸ். "பேரச் சொல்லு."

கல் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நெற்றி ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு வலது கண் தெரியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மோட்டார் சைக்கிள் திரும்பிப் போகிற சத்தம். இலக்கத்தகட்டை இடது கண்ணால் வாசித்து வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இரத்தம் தாடையால் வடிந்து சிவப்புச் சீமெந்தில் சொட்டியது.

கம்சாயினி ஓடிவந்தாள். கையில் ஈரத்துணி. பீற்றிஸ் முகத்தை நீட்டினாள். கம்சாயினி குனிந்து தரையைத் துடைத்தாள்.

"ஊறினாப் போகாது மெடம்," என்றாள். "அப்பாக்குப் பிடிக்கா."

பிறகுதான் நிமிர்ந்து நெற்றியைப் பார்த்தாள்.

*

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வர மூன்று வருடம் ஆனது. ஆடி மாதம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியை அள்ளிக் கோப்புகளின் மேல் போட்டது. கோணாமலை கூண்டில் நின்றார். விளக்கமறியலில் ஆள் பாதியாகிவிட்டார். கைகள் மட்டும் பெரிதாகவே இருந்தன.

அரச சட்டத்தரணி ரிஸ்கான். கல்முனைப் பக்கம். முப்பத்திரண்டு வயது. சட்ட வைத்திய அதிகாரியை அவன் ஒவ்வொரு வெட்டாக நடத்திக்கொண்டு போனான். ஆழம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, எத்தனையாவது வெட்டில் ஆள் விழுந்திருப்பான், விழுந்த பிறகு எத்தனை. விழுந்த பிறகு ஏழு. முதுகில் விழுந்த ஆறும் மண்ணில் குப்புறக் கிடந்தவன் மேல் விழுந்தவை. பீற்றிஸ் குறிப்பெடுக்கவில்லை. இந்த ஒழுங்கு அவள் முந்தி செய்த ஒழுங்குதான்.

அடுத்த சாட்சி இறந்தவனின் தாய் ஆச்சிப்பிள்ளை. களுவாஞ்சிகுடிக்காரி. மகன் தன்னிடம் சொன்னதாகச் சொன்னாள்: மாமன் முறைக்கிறார், வீட்டுக்குள் நான் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பீற்றிஸ் குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள்.

"அம்மாக்கு எத்தின புள்ளையள்?"

"நாலு. இப்ப மூண்டு."

"பொம்புளப் புள்ள?"

"ஒண்டு. கலியாணம் முடிச்சுப் பதினாறு வருசம்."

"நீங்க கட்டின வீடு இப்ப ஆருக்கு?"

"அவளுக்கு. வேற ஆருக்கு?"

"நீங்களும் புருசனும் எங்க இருக்கிற?"

"பின்னுக்கு. ஒரு அறையும் குசினியும்."

"அதுக்கு உங்கட புருசன் கோவிச்சவரா?"

"என்னத்துக்குக் கோவம்? பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு. நீங்க என்ன, இந்த ஊரில்லையா?"

பின் வாங்கில் சிரிப்புக் கேட்டது. நீதிபதி நிமிர்ந்தார். இவரும் கொழும்புதான்.

"மருமகனோட சண்டை?"

"அவர் மருமகனுக்கு முன்னால வாயே தொறக்கமாட்டார். மருமகன் முன்னுக்கு ரீவி பாத்தா இவர் வேலிப் பக்கத்தால சுத்தித்தான் போவார். அவ்வளவு மரியாத."

"அப்ப வீட்டக் குடுத்ததுக்காக இந்தப் பக்கத்தில ஆரும் மருமகன வெட்டுவாங்களா அம்மா?"

"அதுக்கு வெட்டிறதெண்டா ஊரில ஒரு மருமகன் மிஞ்சமாட்டான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. ரிஸ்கானைப் பார்த்தாள். அவன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சிப்பிள்ளை பீற்றிஸ் பக்கம் திரும்பினாள்.

"அடி பாவி! என்ட புள்ளட கழுத்த அறுத்தவன் அதில நிக்கான். நீ என்னட்ட வீடு வளவு கேக்கிற!"

செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது பீற்றிஸைத் தாண்டிப் போய்க் கோணாமலையின் நெஞ்சில் பட்டு விழுந்தது. பொலிஸ்காரிகள் இரண்டு பேர் பிடித்தார்கள். அவள் ஒருத்தியின் கையைக் கடித்தாள். கோணாமலை குனிந்து செருப்பை எடுத்து, கூண்டுக் கம்பியின் மேல் கவனமாக வைத்தார்.

இடைவேளையில் ரிஸ்கான் நடைபாதையில் வந்து பக்கத்தில் நின்றான்.

"நல்லாச் செஞ்சீங்க மெடம். ஆனா என்னட்ட வீரக்குட்டி தீர்ப்பு இருக்கு. திங்கக்கிழம அந்தப் பந்திய வாசிக்கப்போறன். உங்கட பேச்சால உங்களுக்கே அடி."

"நீங்க எங்க இருக்கிற தம்பி?"

"மனுசிட வீட்ட."

"மாமனார்?"

"பின்னுக்கு." சிரித்தான். "நல்ல மனுசன். ஒருநாளும் ஒண்டும் சொல்லமாட்டார்."

"அப்ப அந்தப் பந்தி பொய்யெண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் மெடம். உங்களுக்கும் அண்டைக்குத் தெரியும்தானே."

*

ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் ஆரையம்பதிக்குப் போனாள். நாளை நீதிமன்றத்தில் என்ன சொல்வதென்று முடிவெடுத்திருந்தாள். அன்று நான் சொன்னதற்குச் சாட்சியம் இல்லை, அது பொய், எனக்குத் தெரியும் என்று சொல்வது. கோணாமலையின் தலை அதில்தான் இருந்தது. தன் தொழிலும் அதில்தான் போகும் என்று தெரியும். போகுமுன் ஒரு ஆளிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

வீரக்குட்டி பொதுமன்னிப்பில் வெளியே வந்து இரண்டு வருடம். அதே வளவு, அதே கொட்டில். ஓலை மட்டும் புதிது. வாசலில் பலகையில் குந்தியிருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். செதிள் முழங்கை வரை ஒட்டியிருந்தது. எழுபத்தைந்து இருக்கும்.

"என்னத் தெரியுதா ஐயா?"

"தெரியாமலா? வெள்ளச் சாரி, கறுத்தக் கோட்டு. உன்ட முகத்த ஒரு நாள் நினைக்காமப் படுத்ததில்ல. இரு."

இருக்க ஒன்றும் இல்லை. அவள் மணலில் குந்தினாள்.

"மன்னிப்புக் கேக்க வந்த நான். நாளைக்குக் கோட்டில சொல்லப்போறன். உங்கட வழக்கில நான் சொன்னது பொய்யெண்டு."

"எது பொய்?"

"வீட்டுக்காக வெட்டினீங்க எண்டது."

வீரக்குட்டி ஒரு மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். பூனைக்கு எறிந்தார். கழுத்தைத் திருப்பி முன் வீட்டைப் பார்த்தார்.

"மெல்லக் கதை புள்ள. மகள் உள்ளுக்கு இருக்காள்."

அடுத்த மீனை எடுத்தார்.

"அவன் அவள அடிச்சவன்தான். அது பொய்யில்ல. ஆரு அடிக்கல்ல? மூணு வருசம் கேட்டுக்கொண்டுதான் கிடந்த நான். கேக்கக்குள்ள மனுசி அழுவா, நான் மற்றப் பக்கம் கிறுகிப் படுப்பன். அதுக்கு வெட்டல்ல. அண்டைக்கு அவன் சுவருக்கு ஆணி அடிச்சான்."

"என்ன?"

"ஆணி. கலண்டர் கொழுவ. நான் பூசின சுவர். மூணு தரம் மண்ணரிச்சுப் பூசின. அவனுக்கு அடிக்கத் தெரியா, ஆணி வளைஞ்சு வளைஞ்சு போகுது. அவன் இன்னொரு இடத்தில அடிக்கிறான். சாந்து கழண்டு விழுற சத்தம் எனக்கு இஞ்ச கேக்குது. நான் இந்தக் கத்தியோட எழும்பின நான்."

கத்தியைப் பார்த்தார். அதே கத்தியல்ல. ஆனால் பார்த்தார்.

"உள்ளுக்கு வெட்டல்ல. தலைமயிரப் புடிச்சு வாசலுக்கு வெளிய இழுத்துப் போட்டுத்தான் வெட்டினன். சீமெந்துத் தர பழுதாப்போகும். அந்தத் தர நானும் மனுசியும் போத்தல் அடியால தேய்ச்சது. முதல் வெட்டில 'மாமா' எண்டான். அவன் என்ன மாமா எண்டு கூப்பிட்டது அது ஒரு தரந்தான். நிப்பாட்டியிருக்கலாம். நிப்பாட்டல்ல."

பூனை குடலை இழுத்துக்கொண்டு வேலிக்குள் போனது.

"ஏன் அண்டைக்குச் சொல்லல்ல ஐயா?"

"சொன்னா ஆர் நம்புவான்? நம்மட முறதானே, எல்லாரும் குடுக்கிறதுதானே எண்டுவானுகள். மகளுக்கு அடிச்சதுக்கு வெட்டின எண்டாத்தான் மரியாத. நீ எழும்பிச் சொன்ன நேரம் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போன. இந்தப் பெட்டைக்கு எப்பிடித் தெரியும்? உன்ட அப்பன்ட முகத்தப் பாத்திருப்பாய் எண்டு நினைச்சன்."

பீற்றிஸ் எழுந்தாள். சாரியில் மணல் ஒட்டியிருந்தது. தட்டவில்லை.

"இப்ப நீ பேசுற ஆள் ஆரு?"

"பெரியகல்லாறு. கோணாமலை."

"உள்ளுக்கு வெட்டினானா, வெளியவா?"

அவள் காரை நோக்கித் திரும்பினாள். வீரக்குட்டி தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

காருக்குள் இருந்து கோப்பைத் திறந்தாள். பொலிஸ் வரைந்த படம் கடைசியில் இருந்தது. அறை, பிளந்த கதவு, விறாந்தை, படி, முற்றம். அறையிலிருந்து முற்றத்துக்கு முப்பத்தொரு அடி. ஓரத்தில் பொலிஸ் சார்ஜன்டின் கையெழுத்தில் ஒரு வரி: வீட்டினுள் வெட்டுக் காயத்தின் இரத்தக் கறை எதுவும் காணப்படவில்லை. கோணாமலை முப்பத்தொரு அடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கையில் கத்தி இருந்தது. ஒரு இடத்திலும் வெட்டவில்லை.

ரிஸ்கான் அந்த வரியைக் கவனிக்கவில்லை. அரசாங்கத்தில் இருந்திருந்தால் அவள் அந்த ஒரு வரியில் வழக்கை முடித்திருப்பாள்.

கல்லடிக்குப் போனாள். அப்பா இறந்து எட்டு வருடம். பின் அறை பூட்டிக் கிடந்தது. முன் கதவின் முன் நின்று, திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். பிளேன்ரீக் கோப்பையை நீட்டிய கைதான் வந்தது. முகத்தை அவள் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை கூண்டில் ஏற்றுமுன் கோணாமலையை நீதிமன்றத்தின் கீழ் அறையில் பார்த்தாள். ஏன் முற்றத்துக்கு இழுத்தீங்க என்று கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக்கூடாது என்று திணைக்களத்தில் படித்திருந்தாள். பதில் தெரிந்த கேள்வியைத் தன் கட்சிக்காரனிடம் கேட்கக்கூடாது என்பதை இந்தப் பக்கம் வந்த பிறகு தானாகப் படித்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணன்?"

"பாண் தந்தானுகள்."

ரிஸ்கான் பந்தியை வாசித்தான். நல்ல குரல். 'தன் கையால் கட்டிய வீட்டை இழந்தவர்' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கினான். பீற்றிஸும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தாள். அவன் இருந்ததும் அவள் எழுந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே, அந்தப் பந்தியின் அடியில் இருப்பது என் சமர்ப்பணம். அந்த வழக்கில் அரசுக்காகத் தோன்றியது நான். வீட்டைப் பற்றி ஒரு சாட்சியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்க்கலாம். நான்தான் சொன்னேன். இந்த நீதிமன்றத்தில் இறந்தவரின் தாயாரே அதற்குப் பதில் தந்துவிட்டார்."

அதுவரை எல்லாம் உண்மை. அதோடு இருந்திருக்கலாம். நீதிபதி பேனையைக் கீழே வைத்தார்.

"சாட்சியம் இல்லை என்பது ஒன்று. அது உண்மையா இல்லையா என்பது வேறொன்று. நீங்கள் இந்தப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். நேராகக் கேட்கிறேன். வீரக்குட்டி என்பவர் வீட்டுக்காக வெட்டினார் என்று நீங்கள் அன்று சொன்னது உண்மையா?"

கச்சான் ஜன்னல் கதவை அடித்தது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் எழுந்துபோய்க் கொளுவினார். பின் வாங்கில் அன்னப்பூரணி இருந்தாள். முறிந்த கை கோணலாகப் பொருந்தி மடியில் கிடந்தது. பக்கத்தில் கம்சாயினி வாயை மறைத்துக்கொண்டிருந்தாள். கூண்டில் கோணாமலை தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லை," என்றாள் பீற்றிஸ். "அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

நீதிபதி கீழே வைத்த பேனையை எடுத்து அதை எழுதிக்கொண்டார். இந்தப் பதிவின் பிரதி ஒழுக்காற்று விசாரணைக்கு அனுப்பப்படும் என்றார். அவள் தலை குனிந்தாள். ரிஸ்கான் அவளைப் பார்க்கவில்லை.

தீர்ப்பு இரண்டு கிழமையில் வந்தது. கொலை இல்லை, கைமோசக் கொலை. மகளின் அலறல் கேட்டு ஓடிவந்த தகப்பனுக்குச் சடுதியாக மூண்ட ஆத்திரம். பன்னிரண்டு வருடக் கடூழியச் சிறை. ஆச்சிப்பிள்ளை தரையில் விழுந்து தலையை மூன்று தரம் அடித்தாள். நீதிமன்றத்துக்கு வெளியே மூத்த மகன் சிறைச்சாலை பஸ்ஸின் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தான். மணிக்கட்டு நரம்பு அறுந்து இரத்தம் பீறிட்டது. அவன் அந்தக் கையோடேயே இன்னொரு கண்ணாடியைக் குத்தினான். பொலிஸ் அவனை நிலத்தில் போட்டு மிதித்தது.

அந்தச் சத்தம் அடங்கும்வரை கோணாமலையைக் கீழ் அறையிலேயே வைத்திருந்தார்கள். பீற்றிஸ் கடிதங்களில் கையெழுத்து வாங்கப் போனாள். அவர் மூன்று இடத்திலும் மெதுவாகப் பெயரை எழுதினார். பேனையைத் திருப்பிக் கொடுத்தார். தூக்கு இல்லை என்று ஆன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"மெடம்."

"சொல்லுங்க அண்ணன்."

"இனி முன் வீட்டில என்ட மனுசி அன்னம் படுக்கலாம்தானே?"

பீற்றிஸ் கோப்பை மூடினாள். நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். முடிச்சுச் சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"படுக்கலாம்," என்றாள்.

கோணாமலை தலையாட்டினார். விலங்கு மாட்ட வந்த காவலனுக்கு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.